பெட்டியில் போட்ட 525 மடங்கு: வாசகர் கேள்வி – பதில்

டெலஸ்கோப், கிரகணக் கண்ணாடி, விண்கல், நட்சத்திரச் சான்றிதழ் என்று இந்த முறை கடிதங்கள் எல்லாமே வானத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். கடைக்காரர்களைத் திட்டிய பகுதிகளையும் எடுத்துவிட்டேன். படிக்க நன்றாகத்தான் இருந்தன.

கே: பெட்டியில் ‘525 மடங்கு’ என்று போட்டிருந்ததை நம்பி டெலஸ்கோப் வாங்கினேன். வியாழனைப் பார்த்தால் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் பல்பு எரிகிற மாதிரி இருக்கிறது. லென்ஸில் கோளாறா, என் கண்ணில் கோளாறா?

ப: இரண்டிலும் இல்லை. கோளாறு பெட்டியில்.

இந்த 525 எனக்குப் பழைய பகையாளி, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டெலஸ்கோப்பின் குழாயில் 60 மி.மீ., 700 மி.மீ. என்று இரண்டு எண்கள் இருக்கும் பாருங்கள். முதலாவது முன்பக்க லென்ஸின் விட்டம், இரண்டாவது அதன் குவியத் தூரம். கண்ணை வைத்துப் பார்க்கிற ஐபீஸில் ஆகச் சின்னது 4 மி.மீ. 700ஐ 4ஆல் வகுத்தால் 175 மடங்கு. கூடவே தந்திருக்கும் 3 மடங்கு பார்லோ லென்ஸையும் நடுவில் செருகினால் 525. கணக்கில் பொய்யே இல்லை. கடைக்காரரை மடக்க முடியாததும் அதனால்தான்.

ஆனால் லென்ஸுக்கு ஒரு வரம்பு உண்டு. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு 2 மடங்கு, அவ்வளவுதான் தாங்கும். 60 மி.மீ. என்றால் 120. அதற்கு மேலே போனால் புதிதாக எதுவும் தெரியாது, இருக்கிற மங்கல்தான் பெரிதாகும். கைபேசியில் சின்னப் படம் ஒன்றை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? அதே கதைதான்.

டெலஸ்கோப் என்றால் பெரிதாக்கும் கருவி என்ற நினைப்பை வைத்துத்தான் இந்த வியாபாரமே ஓடுகிறது. அதன் முதல் வேலை வெளிச்சம் சேர்ப்பது. இருட்டில் நம் கண்ணின் பாப்பா ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். 60 மி.மீ. லென்ஸ் அதைவிட 70 மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை அள்ளும். விட்டம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலு மடங்கு. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை மில்லிமீட்டர்?’. ‘எத்தனை மடங்கு?’ என்று கேட்டு நுழைகிறவரைப் பார்த்தாலே விற்பவருக்குக் குஷி. கலிலியோ 1610இல் வியாழனின் நாலு நிலாக்களைக் கண்டுபிடித்தது ஏறத்தாழ 20 மடங்கில்தான்.

என்னை மட்டும் ஏமாற்றவில்லை என்று நினைக்காதீர்கள். எனக்கு வாய்த்தது 675 மடங்கு. ஸ்டாண்டு ஈர்க்குச்சியில் செய்தது போல் இருக்கும். தெளிவாகத் தெரிவதற்காகக் குமிழைத் தொட்டால் வியாழன் துள்ளி ஓடும். கையை எடுத்து, ஆட்டம் அடங்கி, கண்ணை வைத்தால், அதற்குள் பூமி சுற்றிவிட்டது, வியாழனைக் காணோம். அவ்வளவு பெருக்கத்தில் ஒரு கிரகம் அரை நிமிஷம்கூடக் கண்ணில் நிற்காது. மூன்று ராத்திரி மல்லுக்கட்டிவிட்டுப் பரணில் ஏற்றினேன்.

நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். பார்லோவை மேஜை டிராயரில் போட்டுவிடுங்கள். பெட்டியில் 20 மி.மீ. ஐபீஸ் இருக்கும், அதைப் போடுங்கள். 35 மடங்கு வரும். ஸ்டாண்டின் நடுவில் ஏதாவது கனமான பையைத் தொங்கவிடுங்கள். வியாழனின் நிலாக்கள் தெரியும். சனியின் வளையம் சின்னதாக, ஆனால் வளையம்தான் என்று சந்தேகமில்லாமல் தெரியும்.

கே: புது டெலஸ்கோப்பில் நிலா தலைகீழாகத் தெரிகிறது. மாற்றித் தருவார்களா?

ப: மாற்றித் தந்தாலும் தலைகீழாகத்தான் தெரியும். வானத்தில் மேல் ஏது, கீழ் ஏது?

கே: மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு நட்சத்திரத்துக்கு அவள் பெயரைச் சூட்டப் பணம் கட்டினேன். சான்றிதழும் வரைபடமும் வந்தன. ‘என் நட்சத்திரத்தைக் காட்டும்மா’ என்று தினமும் கேட்கிறாள். தேடித் தேடிப் பார்க்கிறேன், அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

ப: அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆசையாகச் செய்திருக்கிறீர்கள், அந்த ஆசையைத்தான் விற்றிருக்கிறார்கள்.

நட்சத்திரங்களின் பெயர்களை முறைப்படி ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியம். அதற்கென்று 2016இல் ஒரு குழுவே அமைத்தார்கள். அவர்கள் எந்தப் பெயரையும் யாருக்கும் விற்பதில்லை. உங்களிடம் பணம் வாங்கிய கம்பெனி தன் சொந்த நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். அதே நட்சத்திரத்தை வேறொரு கம்பெனி வேறொரு குழந்தைக்கு விற்றிருக்கலாம், தடுக்க ஆளில்லை. வெறும் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்கள் வானம் முழுக்கச் சேர்த்தே ஏறத்தாழ 9,000தான். அதனால் இப்படி விற்கப்படுபவை பெரும்பாலும் டெலஸ்கோப் இல்லாமல் தெரியாத மங்கல் ஆசாமிகள். நீங்கள் தேடியும் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

விளம்பரத்தில் ‘அதிகாரபூர்வமாக’ என்ற சொல் இருந்ததா பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லைப் பிடித்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ‘வேடிக்கைப் பரிசு’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால் கஷ்டம்தான்.

மகளுக்கு சிரியஸைக் காட்டுங்கள். இரவு வானத்தில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் கிடையாது. 8.6 ஒளியாண்டு தொலைவு. இன்று அவள் கண்ணில் விழும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது அவளுக்கு ஒன்றரை வயசுகூட நிரம்பியிருக்காது. இதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

கே: நிலாவில் ஒரு ஏக்கர் வாங்கினேன். பத்திரம் செல்லுமா?

ப: செல்லாது. 1967இன் விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் நிலாவை உரிமை கொண்டாட முடியாது. நாட்டுக்கே இல்லாத நிலத்துக்கு உங்களுக்குப் பட்டா எழுதியவர் யார் என்று பணம் கட்டும் முன் கேட்டிருக்கலாம்.

கே: அப்போலோ வீரர்கள் நட்ட கொடியை வீட்டு மாடியிலிருந்து பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிய டெலஸ்கோப் வாங்கலாம்? தெரியவில்லை என்றால் அவர்கள் போகவே இல்லை என்றுதானே அர்த்தம்?

ப: அவசரப்படாதீர்கள். ஒன்றரை மீட்டர் கொடி, 3,84,400 கிலோமீட்டர் தூரம். அது ஒரு புள்ளியாகவாவது பிரிந்து தெரிய 150 மீட்டருக்கு மேல் அகலமான கண்ணாடி வேண்டும். ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடியே 2.4 மீட்டர்தான். நிலாவில் ஒரு கால்பந்து மைதானம் இருந்தால்கூட ஹபிளுக்கு அது ஏறக்குறைய ஒரு புள்ளி. அங்கே விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பாகமோ, கால்களை விரித்து வைத்தும் 9 மீட்டர் சொச்சம். கொடியைப் பற்றிப் பேச்சே இல்லை.

பார்க்க வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். 2009இல் ஏவப்பட்டு நிலாவைச் சுற்றிய எல்ஆர்ஓ கலம் போனது, படம் எடுத்தது. வீரர்கள் நடந்த தடம்கூடக் கோடாகத் தெரிகிறது. படங்கள் இணையத்தில் இலவசம். உங்கள் பணம் மிச்சம்.

கே: ஓரியன் நெபுலா விளம்பரப் படத்தில் சிவப்பும் நீலமுமாக ஜொலித்தது. என் டெலஸ்கோப்பில் சாம்பல் நிறப் புகை மாதிரி இருக்கிறது. இது கறுப்பு வெள்ளை மாடலா?

ப: டெலஸ்கோப்பில் அப்படி ஒரு மாடல் கிடையாது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது; அவற்றுக்கு எல்லாம் சாம்பல்தான். கேமரா நிமிஷக்கணக்கில், மணிக்கணக்கில் திறந்திருந்து வெளிச்சத்தைச் சேர்க்கும், அதனால் நிறம் வரும். உங்கள் கருவி நன்றாகவே இருக்கிறது. பெட்டிமேல் அந்தப் படத்தைப் போட்டவரைத்தான் கேட்க வேண்டும், அந்த டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து அதை எப்போதாவது பார்த்தாரா என்று.

கே: சூரிய கிரகணம் வருகிறது. கூலிங் கிளாஸ் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் போதாதா? டெலஸ்கோப்போடு ‘சன்’ என்று எழுதிய குட்டிக் கறுப்பு ஃபில்டரும் வந்தது. அதை ஐபீஸில் மாட்டலாமா?

ப: இரண்டுக்கும் கூடாது. இந்த ஒரு பதிலை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துகொண்டிருக்கும்போது ஒன்றுமே தோன்றாது, பார்வையில் ஓட்டை விழுந்தது அப்புறம்தான் தெரியும். கூலிங் கிளாஸ் இரண்டல்ல, நாலு போட்டாலும் காப்பாற்றாது. கிரகணக் கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்ற எண் இருக்க வேண்டும். எண்ணை யாரும் அச்சடிக்கலாம் என்பதால், பெயர் தெரிந்த இடத்தில் வாங்கி, வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள். ஜன்னலோ மேஜையோ எதிரில் நிற்பவர் முகமோ தெரிந்தால் குப்பையில் போடுங்கள். நல்ல கண்ணாடியில் சூரியனைத் தவிர அநேகமாக எல்லாமே இருட்டு. அதைப் போட்டுக்கொண்டு பைனாகுலரிலோ டெலஸ்கோப்பிலோ பார்க்கவும் கூடாது.

அந்தக் குட்டி ஃபில்டரைச் சுத்தியலால் உடைத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். வேறு யார் கையிலும் கிடைக்கக் கூடாது. மொத்தச் சூரியனையும் லென்ஸ் குவித்து அந்தச் சின்னக் கண்ணாடியில் கொட்டுகிறது; சூட்டில் அது விரிசல் விட்டால் அடுத்த நொடி உங்கள் கண். ஃபில்டர் எப்போதும் குழாயின் முன்வாயில் இருக்க வேண்டும். இதைப் பெட்டியில் வைத்து, அதுவும் குழந்தைகளுக்கான மாடலில் வைத்து அனுப்புகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை.

கே: ஆகஸ்டில் செவ்வாய் பௌர்ணமி நிலா அளவுக்குத் தெரியுமாம். அதற்குள் பைனாகுலர் வாங்கிவிடலாமா?

ப: மறுபடியுமா! 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் 5.6 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கியது. ‘75 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கு நிலா தெரிகிற அளவுக்குத் தெரியும்’ என்று ஒரு செய்தி கிளம்பியது. பரப்பியவர்கள் முதல் பாதியை வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் ஆகஸ்டில் இதே கடிதம் வருகிறது. பைனாகுலர் வாங்குங்கள், நல்ல பொருள். செவ்வாய்க்காக வேண்டாம்.

கே: கையேட்டில் டெலஸ்கோப்பின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்கச் சொல்லியிருந்தது. வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரத்தைப் பார்த்து வைத்தேன். எதுவுமே பிடிபடவில்லை. மோட்டார் பழுது என்று திருப்பி அனுப்பப் போகிறேன்.

ப: அனுப்பாதீர்கள், பாவம் அந்த மோட்டார். துருவ நட்சத்திரம் பிரகாசமானது என்று உங்களுக்கு யார் சொன்னது? பிரகாச வரிசையில் 50ஆவது இடத்தை ஒட்டி நிற்கிறது. அதன் பெருமை ஏறக்குறைய அசையாமல் இருப்பதில்தான். கையேட்டின் அடுத்த பக்கத்தில் அதைக் கண்டுபிடிக்கும் வழி போட்டிருக்கும். வாங்குகிறவர்கள் ஏன் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை?

கே: ஒருவர் விண்கல் விற்கிறார். விழுந்தபோது செக்கச்செவேலென்று தகதகத்ததாம், புல் தீப்பிடித்ததாம். காந்தம் ஒட்டுவதையும் வீடியோவில் காட்டினார். வாங்கலாமா?

ப: அந்தக் கதையே போதும், வேண்டாம். வானத்தில் எரியும் தீப்பந்தத்தைப் பார்த்துவிட்டுக் கல்லும் நெருப்பாக வந்து விழும் என்று நினைக்கிறோம். சின்னக் கல் மேலேயே வேகம் இழந்துவிடும். உருகிய மேல்தோல் அப்போதே கழன்று போயிருக்கும். மிச்சத் தூரத்தை வெளிச்சமே இல்லாமல், சாதாரணக் கல் போல விழுந்து கடக்கும். தரைக்கு வரும்போது புல்லை எரிக்கிற சூடு இருக்காது.

காந்தமா? என்னிடமும் ஒன்று இருக்கிறது. கறுப்பு, நல்ல கனம், காந்தம் ‘டக்’கென்று பிடித்தது. பெருமையாக வாங்கி வந்தேன். ஒரு நாள் கைதவறி விழுந்து விளிம்பு பெயர்ந்தது. உள்ளே பார்த்தால் பணியாரம் மாதிரி ஓட்டை ஓட்டையாகக் காற்றுக் குமிழ்கள். விண்கல்லில் அப்படிக் குமிழ்கள் அநேகமாக இருக்காது; இரும்பு உருக்கும் உலையின் கசடில் இருக்கும். இப்போது அது என் மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

கே: நிலா உருண்டை ஒன்று வாங்கினேன். ஒரு பாதியில் பள்ளங்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன. மறுபாதியில் வெறும் கறுப்பு வண்ணம். கேட்டால் ‘அது நிலாவின் இருண்ட பக்கம், அப்படித்தான் இருக்கும்’ என்கிறார் கடைக்காரர். சரிதானா?

ப: அசத்திவிட்டார். நிலா பூமியைச் சுற்றும் அதே வேகத்தில் தன்னையும் சுற்றிக்கொள்வதால் ஒரே முகத்தைக் காட்டுகிறது. அந்த மறுபக்கம் நமக்குத்தான் தெரியாது, சூரியனுக்கு நன்றாகத் தெரியும். அங்கேயும் ஏறத்தாழ இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. நமக்கு அமாவாசை என்றால் அங்கே முழு வெயில். 1959 அக்டோபரில் சோவியத் யூனியனின் லூனா 3 அதைப் படம் எடுத்துவிட்டது. 2019 ஜனவரியில் சீனாவின் சாங்-இ 4 அங்கேயே போய் இறங்கியது. நம் பக்கத்தைவிட அங்கே பள்ளங்கள் அதிகம். அவ்வளவையும் கறுப்பு பெயின்டால் பூசி மெழுகிவிட்டு முழு உருண்டைக்கான காசு வாங்கியிருக்கிறார்கள். பில்லை எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள்.