கஷ்ட காலத்திலும் கர்த்தர் உண்மையுள்ளவரா? யாழ்ப்பாணத்து வேதபாட வகுப்பின் கேள்வி பதில்

வகுப்பில் நேரம் போதாமல் நின்றுபோன கேள்விகளை எழுதித் தரும்படி கேட்டிருந்தேன். எல்லாமே ஏறக்குறைய ஓரிடத்தைத்தான் சுற்றி நிற்கின்றன: கடவுள் எல்லாவற்றையும் ஆளுகிறார், வாக்கு மாறாதவர் என்றால் எங்களுக்கு ஏன் இப்படி? பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (சுன்னாகம்): ஐயா, எல்லாம் கடவுளின் கையில் என்கிறீர்கள். அப்படியென்றால் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வும் 2009 போரின் அழிவும் அவர் செய்ததா?

பதில்: தம்பி, ஆளுகிறார் என்பதும் செய்தார் என்பதும் ஒன்றல்ல. யோசேப்பைச் சகோதரர்கள் குழியில் போட்டு, பிறகு விற்றார்கள். பிறகு அவர்களிடம் அவர், ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. கடவுள் ஆளுகிறார் என்பதற்காகச் செய்தவனின் குற்றம் இல்லாமல் போகாது. நீதி கேட்பது விசுவாசத்துக்கு விரோதமும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 17 வயதில் விற்கப்பட்டவர், 30 வயதில் எகிப்து ராஜாவான பார்வோன் முன் நின்றார். இந்த வார்த்தையைச் சொன்னதோ தகப்பன் இறந்த பிறகு. கணக்குப் பார்த்தால் விற்கப்பட்டு ஏறக்குறைய 40 வருடம். சொன்னவரும் குழிக்குள் கிடந்தவர்தான். வெளியே நின்ற யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. செத்தவீட்டுக்குப் போய் ‘எல்லாம் நன்மைக்கே’ என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அதுவரை சரி, வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

கேள்வி (வடமராட்சி கிழக்கு): 2009 இல் மகனை என் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தேன். இன்றைக்கும் தகவல் இல்லை. கோயிலில் எல்லோரும் எழும்பி ‘கர்த்தர் நல்லவர்’ என்று பாடும்போது எனக்கு வாய் வருவதில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?

பதில்: இல்லை அம்மா. பாட முடியாவிட்டால் பாடாதீர்கள். 13 ஆம் சங்கீதத்தில் தாவீது ‘எதுவரைக்கும்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். ‘எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்பதுதான் அந்த ஜெபத்தின் தொடக்கமே. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்தான் அப்படிக் கேட்பார்.

இரண்டாம் சாமுவேல் 21 ஆம் அதிகாரத்தில் ரிஸ்பாள் என்று ஒரு தாய் இருக்கிறாள். அவளைப் பற்றிப் பிரசங்கத்தில் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். அவளுடைய இரண்டு பிள்ளைகளை, பழி கேட்டவர்களிடம் தாவீது ராஜாவே பிடித்துக் கொடுத்தார். வேறு ஐந்து பேரோடு சேர்த்து அவர்களைக் கொன்று மலையில் விட்டார்கள். அவள் பாறையில் சாக்குத் துணியை விரித்து, அறுப்புத் தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை இருந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் கிட்ட விடவில்லை. அவள் பாடினாள் என்று அங்கே இல்லை. ஜெபித்தாள் என்றுகூட இல்லை. இருந்தாள், அவ்வளவுதான். செய்தி ராஜாவின் காதுக்குப் போய், எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகே தேசத்துக்கான வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. வீதியோரப் பந்தலில் காணாமல்போன பிள்ளையின் படத்தோடு இருக்கும் தாய்மாரை ‘அரசியல்’ என்று ஒதுக்குகிற சபையார் இந்த அதிகாரத்தை ஒருதரம் வாசிக்கட்டும்.

மகன் வருவான் என்று நான் தீர்க்கதரிசனம் சொல்ல மாட்டேன். யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். கடவுள் உங்கள் மகனை மறக்கவில்லை, இதை முழு மனதோடு சொல்கிறேன். நீங்கள் வாங்கில் இருங்கள் அம்மா. உங்களுக்கும் சேர்த்து நாங்கள் பாடுகிறோம்.

கேள்வி (நவாலி): சாட்சி நேரத்தில் ‘செல் (எறிகணை) விழுந்தது, கர்த்தர் என்னைக் காத்தார்’ என்கிறார்கள். 1995 யூலை 9 அன்று எங்கள் ஊர்த் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்து, விமானக் குண்டுவீச்சில் செத்தவர்களை அவர் காக்கவில்லையா?

பதில்: அப்போஸ்தலர் 12 ஆம் அதிகாரத்தில் ஏரோது ராஜா யாக்கோபை வாளால் கொல்கிறான். அதே அதிகாரத்தில் தூதன் பேதுருவைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறான். இருவரும் இயேசுவோடு கூடவே திரிந்தவர்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று அதை எழுதிய லூக்கா சொல்லவில்லை. யாக்கோபின் விசுவாசம் குறைவு என்றும் சொல்லவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசுவே சொன்னார். தப்பியவர் நன்றி சொல்லட்டும், அது நியாயம். ஆனால் தப்பியதை விசுவாசத்தின் அளவுகோலாக்கக் கூடாது. சாட்சி நேரத்தில் தப்பாதவர்களின் வீட்டாருக்கும் இடம் வேண்டும்.

கேள்வி (இணுவில்): நான் சைவம், நண்பனோடு வகுப்புக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது எங்கள் ஆச்சி சொல்லும் தலைவிதிதானே?

பதில்: சைவ சித்தாந்தத்திலும் வினை தானாக இயங்காது, இறைவனே அதன் பயனைக் கூட்டுகிறான் என்பார்கள். ஆகவே வெறும் தலைவிதி என்றால் ஆச்சிக்கும் அநியாயம். எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். நாங்கள் நம்புகிறவரோடு வாதாடலாம். சோதோமுக்காக ஆபிரகாம் 50 பேரிலிருந்து 10 பேர்வரை இறங்கி இறங்கிக் கேட்டார், கடவுள் கோபிக்கவில்லை. அந்தக் கடவுளே சிலுவையில் தொங்கி ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கதறினார் என்பது எங்கள் விசுவாசம்.

கேள்வி (கொடிகாமம்): நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் நிற்கிறார்கள். ஒரு ஊழியக்காரர், காணிக்கை விதைத்தால் கடன் தீரும் என்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள் தங்கச்சி. இரண்டாம் இராஜாக்கள் 4 ஆம் அதிகாரத்தில், கடன்காரன் பிள்ளைகளைப் பிடித்துப்போக வந்த விதவையிடம் தீர்க்கதரிசி எலிசா ஒரு சதமும் கேட்கவில்லை. ‘வீட்டில் என்ன இருக்கிறது?’ என்றுதான் கேட்டார். அயலவர்களிடம் பாத்திரம் வாங்கச் சொன்னார். அவளிடமிருந்த ஒரு குடம் எண்ணெய் அந்தப் பாத்திரங்களையெல்லாம் நிரப்பியது. எண்ணெயை விற்றுக் கடனைக் கட்டு, மிச்சத்தில் பிள்ளைகளோடு சீவி என்றார். கடவுளின் உண்மை அந்த அயலவர்களின் பாத்திரங்கள் வழியாகவும் வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுக்க வேண்டாம். கடன் புத்தகங்களோடு என்னிடம் வாருங்கள், சபை மூப்பர்களையும் இருத்தி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (கொக்குவில்): ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற எரேமியா 29:11 ஐ நம்பி இருந்தேன். விசா மறுபடியும் மறுக்கப்பட்டுவிட்டது.

பதில்: அதற்கு முந்தின வசனத்தையும் பாருங்கள், பாபிலோனில் 70 வருடம் என்று இருக்கிறது. அங்கே சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய அதே கடிதத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள் என்றும் இருக்கிறது. இங்கே படிக்கக்கூடியதை, செய்யக்கூடியதை இப்போதே தொடங்குங்கள்.

கேள்வி (உடுவில்): கஷ்டத்தில் இருக்கிறவர் வேதாகமத்தை எங்கே தொடங்கலாம்?

பதில்: புலம்பல். கி.மு. 586 இல் பாபிலோனியர் எருசலேமை அழித்த துயரத்தில் பிறந்த புத்தகம். ‘அவைகள் காலைதோறும் புதியவைகள்; உமது உண்மை பெரிதாயிருக்கிறது’ என்று நாங்கள் சுவரில் மாட்டுகிற வசனம் அதன் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் பசித்த பிள்ளைகளும் எரிந்த நகரமும்தான். கடைசி அதிகாரம்கூட ‘ஏன் எங்களைக் கைவிட்டீர்’ என்றே கேட்கிறது. அந்த வசனத்தை மட்டும் பிடுங்கி எடுக்காமல் முதலிலிருந்து வாசியுங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் நாவற்குழிப் பக்கம் நடந்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களையும் பக்கத்தில் இருத்திச் சத்தமாக வாசியுங்கள். ஐந்து அதிகாரத்துக்கும் அரை மணித்தியாலம் போதும். அடுத்த வகுப்பிலும் அதைத்தான் எடுக்கப்போகிறேன்.