சிக்னல் கேள்வி பதில்: மஞ்சள், டைமர், ஃப்ரீ லெஃப்ட்

சிக்னலுக்கு நேரம் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதைப் பற்றிக் கேளுங்கள். அபராத ரசீது பஞ்சாயத்து வேண்டாம்.

மஞ்சள் விழுந்ததும் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. என் தப்பா, சிக்னல் தப்பா?

ரெண்டும் இருக்கலாம். 60 கி.மீ. வேகத்தில் வருகிறீர்கள், மஞ்சளைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி, அப்புறம் நிதானமான பிரேக், ஆக மொத்தம் நிற்க 63 மீட்டர் வேண்டும். மஞ்சள் மூன்று விநாடி என்றால் அதற்குள் நீங்கள் கடப்பது 50 மீட்டர்தான். கோட்டுக்கு 55 மீட்டரில் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் இரண்டுக்கும் வழியில்லை. அதே மஞ்சள் 40-ல் வருபவருக்குப் போதும்: நிற்க 32 மீட்டர், கடப்பது 33. அதனால்தான் சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள் என்று கத்துகிறேன். வண்டிகள் 60-ல் ஓடும் சாலையில் மஞ்சளை மூன்றிலேயே விட்டிருந்தால், அது சிக்னல் வைத்தவர் தப்பு.

இடது பக்கம் எப்போதும் ஃப்ரீதானே?

இல்லை. அனுமதிக்கும் பலகையோ பச்சை அம்போ இருந்தால் மட்டும்.

எங்கள் ஊரில் 120 விநாடிச் சுற்றை 180 ஆக்கினார்கள், கூட்டம் குறையவே இல்லையே சார்?

எப்படிக் குறையும்? எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை வாங்கி முடிவதுதான் ஒரு சுற்று. நாலு பக்கமும் தனித்தனியாகத் திறக்கும் சந்திப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலு விநாடி வீண் என்று வையுங்கள், சுற்றுக்கு 16. மணிக்கு 30 சுற்று ஓடினால் உருப்படியான பச்சை 3,120 விநாடி. 180 ஆக்கினால் 20 சுற்று, 3,280. இந்த 160 விநாடிக்காக எல்லோரும் கூடுதலாக நிற்கிறீர்கள், வலது திரும்பும் வரிசை நீண்டு நேரே போகிறவரையும் மறிக்கிறது.

ஃப்ரீ லெஃப்ட் பற்றிச் சொல்லுங்களேன்?

மேலே பாருங்கள்.

டைமர் இருப்பது நல்லதுதானே? எஞ்சினை அணைக்கலாம்.

சிவப்பில் ஒத்துக்கொள்கிறேன். பச்சையில் டைமர் வைப்பதுதான் வில்லங்கம். தூரத்தில் வருகிறவர் 4 என்று பார்த்ததும் ஆக்ஸிலரேட்டரை முறுக்குகிறார். சிவப்பிலும் 3 வந்ததுமே பைக்குகள் ஜீப்ரா கோட்டைத் தாண்டி நடுவில் நிற்கின்றன. இந்த இருவரும் சந்திக்கிற இடம்தான் விபத்து.

அப்போ கடைசி 5 விநாடியை மட்டும் மறைத்துவிடலாமே?

சிவப்புக்குச் சரி. பச்சைக்கு மறைத்தால், எண் மறைந்ததே "முறுக்கு" என்பதற்குச் சைகை ஆகிவிடும்.

டைமரே இல்லாவிட்டால் பின்னால் இருப்பவர் ஹார்ன் அடித்தே கொல்வார் அண்ணே.

டைமர் இருக்கும்போது மட்டும் சும்மாவா இருக்கிறார்? இன்னொன்று, கூட்டத்தைப் பார்த்துத் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் சிக்னலில் பச்சை எப்போது முடியும் என்று அதற்கே முன்கூட்டித் தெரியாது. எந்த எண்ணைக் காட்டச் சொல்கிறீர்கள்?

கோவை மாதிரி சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்தால்?

சாலை அகலமும் திரும்ப இடமும் இருந்தால் நன்றாகவே ஓடும். நடந்து கடப்பவருக்கு என்ன வழி என்பதை மட்டும் முதலில் கேளுங்கள், அதை யாரும் கேட்பதில்லை.

இரவில் மஞ்சள் மின்னினால்?

மெதுவாக, பார்த்துப் போங்கள். சிவப்பு மின்னினால் முழுசாக நிறுத்திவிட்டு.

பக்கத்து ரோட்டு டைமர் 0 ஆனதும் கிளம்பலாமா?

கூடாது. அவர்கள் பக்கம் பச்சை முடிந்தாலும் மஞ்சள் இருக்கும், உள்ளே இருக்கும் வண்டி வெளியேற எல்லாப் பக்கமும் சிவப்பாக ஓரிரு விநாடியும் இருக்கும். உங்கள் விளக்கை மட்டும் பாருங்கள்.

சார், ஃப்ரீ லெஃப்ட்...

அடுத்தவர் கேளுங்கள்.