தன்னைத்தானே எண்ணிக்காட்டுற நம்பர்

கேள்வி: சார், பத்து இலக்க நம்பர் ஒண்ணு. முதல் இலக்கம் அதுல எத்தனை 0 இருக்குன்னு சொல்லணும், ரெண்டாவது எத்தனை 1னு, அப்படியே கடைசி எத்தனை 9னு. என் பொண்ணு கேக்குறா, எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல. (வாசகர், குடியாத்தம்)

பதில்: சூப்பர் கணக்கும்மா இது, பொண்ணோட உக்காந்து போடுங்க. முதல்ல ஒண்ணு புடிச்சுக்கங்க: ஒவ்வொரு இலக்கமும் ஒரு எண்ணிக்கை, மொத்தம் பத்து இலக்கம், அதனால எல்லாத்தையும் கூட்டுனா 10 வந்தே ஆகணும். இது கெடச்சாலே பாதி கணக்கு முடிஞ்ச மாதிரி.

அப்புறம் 0 எத்தனைன்னு மேலேர்ந்து இறங்கி வாங்க. 9னு வெச்சா மீதி எல்லாம் 0, ஆனா ஒரு 9 வந்துடுச்சே, கடைசி இடம் 0வா இருக்க முடியாது, அடிபட்டுச்சு. 8னா மிச்சம் ஒரே இடத்துல 2, அது 8க்கான இடத்துலதான் வரணும், ஆனா 8 ஒண்ணுதானே இருக்கு. 7ல, 7க்கான இடத்துல 1, 1க்கான இடத்துல 2 போட்டவுடனே கூட்டு 10 ஆயிடுது, ஆனா புதுசா வந்த 2ஐ எண்ண இடம் இல்ல. 6னு வெச்சுப் பாருங்க, அழகா உக்காருது: 6210001000. ஆறு 0, ரெண்டு 1, ஒரு 2, ஒரு 6.

சின்னப் புள்ளைங்கன்னா நாலு இலக்கத்துல ஆரம்பிங்க, 1210, 2020 ரெண்டுமே சரி. அஞ்சுல 21200. ஆறு இலக்கத்துல கிடையவே கிடையாது, ஏழுல ஒண்ணு இருக்கு, 3ல ஆரம்பிக்கும், அத பொண்ணே கண்டுபுடிக்கட்டும்.