டிரோனும் பருந்தும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். வயலை ஒட்டியே வீடு. குறுவைக்கு மருந்தடிக்க இப்போதெல்லாம் டிரோன்தான் வருகிறது. முதல் தடவை அது கொல்லைக்கு மேலே வந்தபோது கோழிகள் அலறிக்கொண்டு வைக்கோல் போர் ஓரம் பதுங்கின. பொரிந்து சில நாளே ஆன குஞ்சுகளும்தான்; அவை பருந்தைப் பார்த்ததே கிடையாது. இப்போது தலைக்கு மேல் போனாலும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தப் பயத்தை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பிறவியிலேயே வந்தது என்றால் எப்படிப் போயிற்று? பருந்துப் பயமும் இப்படியே விட்டுப்போய்விடுமோ என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சொல்லிக்கொடுத்தது தாய்க்கோழி. வானத்தில் ஆபத்து என்றால் அது எழுப்பும் குரல் வேறு, கீரியோ பூனையோ தரையில் வந்தால் எழுப்பும் குரல் வேறு. குஞ்சுகள் அந்தக் குரலுக்கே ஓடும்.

மீதி பிறவிச் சொத்து. ஓர் உருவம் வேகமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தால், அது மோத இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்கிடும் நரம்பணுக்கள் புறாவின் மூளையில் இருப்பதை வாங், ஃப்ராஸ்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1992இல் காட்டினார்கள். 2013இல் யில்மாஸ், மைஸ்டர் இருவரும் சுண்டெலிகளின் தலைக்கு மேல் ஒரு திரையை வைத்து, அதில் கறுப்பு வட்டம் ஒன்றை விரியவிட்டார்கள். எந்தப் பழக்கமும் இல்லாத எலிகள் வளைக்கு ஓடின, அல்லது அப்படியே உறைந்து நின்றன. வட்டம் விரியாமல், சிறிதாகவே மேலே கடந்து போனால் ஓடுவதில்லை, உறைவதுதான் அதிகம் என்று அப்புறம் தெரிந்தது. பருந்து உயரத்தில் வட்டமிடும்போது அசைந்தால் கண்ணில் படுவோம்; அது பாய்ந்துவிட்டால் நின்று பயனில்லை. எவ்வளவு நுட்பமான விவேகம்!

இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பிறவிப் பயம் என்றால் பொத்தானை அழுத்தியதும் எரியும் விளக்கு மாதிரி என்று பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. கண்ணிலிருந்து வரும் செய்தி முதலில் நடுமூளையின் மேற்புறத்தில் உள்ள சுப்பீரியர் கொலிக்குலஸுக்குப் போகிறது. கோழியின் மூளையிலும் இதற்கு இணையான பகுதி உண்டு. அங்கிருந்து இன்னும் உள்ளே, ‘பெரி அக்விடக்டல் கிரே’ என்ற சாம்பல்நிறப் பகுதிக்குப் போகிறது. ஓட்டத்தைத் தொடங்கிவைப்பது இதுதான். இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பு பலவீனமானது என்று லண்டனில் தியாகோ பிராங்கோவின் குழு 2018இல் காட்டியது. அந்தப் பலவீனம்தான் காவல். செய்தி போதிய அளவு சேர்ந்தால்தான் கால் கிளம்பும். இல்லாவிட்டால் காற்றில் ஆடும் ஒவ்வொரு தென்னங்கீற்றுக்கும் ஓடி ஓடியே எலி பட்டினி கிடந்து செத்துப்போகும்.

எவ்வளவு செய்தி சேர்ந்தால் ஓடுவது என்ற இந்த வரம்பு இனத்துக்கு இனம் மாறும். அமெரிக்காவின் மான் எலிகளில் அடர்ந்த புதரில் வாழும் இனம் சட்டென்று ஓடும். வெட்டவெளியில் வாழும் இனம் முதலில் உறைந்து நிற்கும். அதை ஓடவைக்க இன்னும் வலுவான மிரட்டல் வேண்டும். கண்ணில் வேறுபாடு இல்லை, அந்தச் சாம்பல்நிறப் பகுதியில்தான் இருக்கிறது என்று ஹார்வர்டின் ஹோக்ஸ்ட்ரா குழு 2025இல் வெளியிட்டது.

சரி, பயம் எப்படிப் போயிற்று? அதே 2025இல் சாரா மெடெரோஸ், சோன்யா ஹோஃபர் குழு இதைத்தான் ஆராய்ந்தது. நிழல் திரும்பத் திரும்ப விரிகிறது, ஒன்றும் நடப்பதில்லை. எலி ஓடுவதை விட்டுவிடுகிறது. கற்றுக்கொள்ளும்போது மூளையின் வெளியடுக்கான புறணியில் உள்ள பார்வைப் பகுதிகள் தேவைப்படுகின்றன. கற்று முடித்தபின் அவை வேண்டியதில்லை. பாடம் மூளையின் ஆழத்தில், வென்ட்ரோலேட்டரல் ஜெனிகுலேட் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதியில் பதிந்துவிடுகிறது. பயத்தின் பாதை அழிவதில்லை, அதன்மேல் ஒரு தடை ஏறுகிறது. எலிக்குக் கண்டதைக் கோழிக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான், ஆனாலும் உங்கள் கொல்லையில் நடந்தது இதே வகை என்றுதான் நினைக்கிறேன்.

பருந்து விஷயத்துக்கு வருகிறேன். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த லோரன்ஸும் டின்பர்கனும் 1937இல் ஒரு அட்டை உருவத்தைப் பறவைக் குஞ்சுகளின் மேல் ஓடவிட்டார்கள். ஒரு பக்கமாகப் போனால் அது பருந்து போலத் தெரியும், திருப்பி விட்டால் வாத்து போல. பருந்தின் வடிவமே பிறவியில் பதிந்திருக்கிறது என்று பேசப்பட்டது. பின்னால் ஷ்லைட், வான்கோழிகளை வைத்து அதைத் திருத்தினார். அடிக்கடி பார்த்த வடிவத்துக்குப் பயம் தணிகிறது, அரிதாக வருவதற்குத் தணிவதில்லை என்பது அவர் கண்டது. டிரோன் ஒரே இரைச்சலோடு ஒரே மட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. பருந்து எப்போதோ வருகிறது, வந்தால் பாய்கிறது. ஆகவே வீட்டில் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். வயலில் நட்ட சோளக்கொல்லை பொம்மைக்குக் காக்கைகள் சீக்கிரமே பழகிவிடுவதற்கும் இதே காரணம்தான். பொம்மை வைப்பவர்கள் அதை இடம் மாற்றிக்கொண்டே இருப்பது நல்லது.

கோழிகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடை விஷயத்தில் நேர் எதிர், அதை இடம் மாற்றக் கூடாது. சுண்டெலி ஒரு புது இடத்தில் வளை எங்கே என்று மனத்தில் பதித்துக்கொள்ள 20 நொடிக்கும் குறைவான நேரமே போதும் என்று பிராங்கோ குழு 2017இல் கண்டது. ஆபத்து வந்ததும் அது தேடுவதில்லை, நினைவில் இருக்கும் இடத்துக்கே ஓடுகிறது. ஒதுங்க இடமே இல்லாவிட்டால் உறைந்து நிற்கிறது. கோழிக்குஞ்சு வெட்டவெளியில் அப்படி நின்றால் பருந்துக்கு வேலை சுலபம். அதனால் பஞ்சாரத்தின் ஒரு பக்கத்தைச் செங்கல் கொடுத்துத் தூக்கி, பகலெல்லாம் கொல்லையில் ஒரே இடத்திலேயே விட்டுவையுங்கள்.

அன்புடன்.