கண்ணை மூடி உட்கார்ந்தாலே படபடப்பு வருகிறது, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 42. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். மாத்திரையோடு தினமும் சிறிது நேரம் அமைதியாக உட்காரவும் சொன்னார்கள். கண்ணை மூடினால் இரண்டே நிமிடத்தில் படபடப்பு, தலைக்குள் ஆயிரம் யோசனை, கை தானாகப் போனைத் தேடுகிறது. மூளையில் ஏதாவது கோளாறா டாக்டர்?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சும்மா இருப்பது பெரும்பாலானவர்களுக்குச் சிரமம்தான். 2014-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வில், ஆட்களை 15 நிமிடம் தனி அறையில் உட்கார வைத்து, வேண்டுமானால் தங்களுக்குத் தாங்களே லேசான மின்அதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தானையும் வைத்தார்கள். இந்த அதிர்ச்சி வேண்டாம், காசு கொடுத்தாவது தப்பித்துக்கொள்வேன் என்று முன்பு சொன்னவர்களிலேயே 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதை அழுத்தினார்கள்! நீங்கள் போனைத்தானே தேடினீர்கள், பரவாயில்லை.

வெளிவேலை நின்றதும் மூளை ஓய்ந்துவிடுவதில்லை. பழைய நினைவு, நாளைய கவலை, நம்மைப் பற்றிய யோசனை இவற்றைக் கவனிக்கும் பகுதிகள் அப்போதுதான் சுறுசுறுப்பாகின்றன. அதனால் யோசனை வருவதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். படபடப்புக்கும் பாதிக் காரணம் இதுதான்: சத்தமெல்லாம் அடங்கியதும், எப்போதும் துடித்துக்கொண்டிருந்த இதயம் இப்போது உங்கள் கவனத்துக்கு வருகிறது, ஐயோ என்னமோ ஆகிறது என்று பயப்படுகிறீர்கள், பயந்ததும் அது நிஜமாகவே வேகமாகத் துடிக்கிறது.

முதலில் கண்ணை மூடுவதை விடுங்கள். திறந்தபடியே சுவரில் ஓர் இடத்தைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்க நான்கு நொடி, வெளியே விட ஆறு நொடி. நாம் வழக்கமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம், இது ஆறு தடவையாகிறது. மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது, அதனால்தான் அந்தப் பக்கம் நீளமாக இருக்க வேண்டும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள், வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். இரண்டு நிமிடம் போதும். உட்காரவே பிடிக்கவில்லையா, காதில் எதையும் மாட்டாமல் மெதுவாக நடங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

உங்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, பேசாமல் உட்கார வேண்டும் என்பது விதி, பலரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை, பேசிக்கொண்டே அளந்துவிட்டு எண் ஏறியிருக்கிறதே என்று பதறுகிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தையே உங்கள் அமைதி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

அப்புறம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சுப் பயிற்சி துணைதான், மருந்துக்கு மாற்று இல்லை. மற்ற நேரங்களிலும் படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் தைராய்டு, ரத்தசோகை, ஈசிஜி மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மார்பு வலியோ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணை மூடும்போதெல்லாம் பழைய கசப்பான சம்பவம் ஏதாவது திரும்பத் திரும்ப வந்து மிரட்டுகிறது என்றால், தனியாக உட்கார்ந்து சமாளிக்கப் பார்க்காதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள்.