தாமதத்துக்கும் எண்ணெய் வேண்டும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். என் தம்பி பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். எங்கள் சபையில் இயேசுவின் இரண்டாம் வருகையைப் பற்றிய கூட்டங்கள் நடந்த பிறகு படிப்பை நிறுத்திவிட்டான். "பரீட்சைக்கு முன்பே ஆண்டவர் வந்துவிடுவார் அக்கா, இனி உபவாசமும் ஜெபமும்தான்" என்கிறான். அம்மாவும் அவன் பக்கம். காலமான அப்பாவின் பெயரில் இருக்கும் 20 சென்ட் நிலத்தை விற்று, சபை கட்டிவரும் புதிய ஆலயத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். மறுத்தால், "நீ ஆயத்தமாக இல்லை" என்கிறார்கள். நானும் வருகையை நம்புகிறவள்தான். ஆனால் இரவில் பயம் வருகிறது. அவர்கள் சொல்வதுதான் சரியோ?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், தம்பியைக் கேலி செய்யாதீர்கள். ஆண்டவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு உண்மையாகவே இருக்கிறது. பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர்களிடம் அது கிடையாது.

அந்தக் கூட்டங்களில், மணவாளனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்துக் கன்னிகைகள் உவமையைப் பிரசங்கிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை நீங்களே ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். "மணவாளன் வரத் தாமதித்தபோது, அவர்கள் எல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்." எல்லாரும்! புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கினார்கள். அதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. மணவாளன் வருவான் என்பதிலும் பத்துப் பேருக்கும் சந்தேகம் இல்லை; நம்பித்தான் தீவட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். பிறகு எங்கேதான் பிரிகிறார்கள்? அவன் பிந்தி வந்தாலும் விளக்கு எரிய வேண்டுமே என்று ஐந்து பேர் பாத்திரத்தில் எண்ணெய் கொண்டுபோனார்கள். மற்ற ஐந்து பேர், இதோ வந்துவிடுவான் என்று எண்ணியிருக்க வேண்டும். கையில் இருந்ததோடு கிளம்பிவிட்டார்கள்; கடைசியில் கதவுக்கு வெளியே நின்றார்கள். இதைப் படித்துவிட்டு, உங்கள் வீட்டில் பாத்திரத்தோடு நிற்பவர் யார், பாத்திரம் இல்லாமல் நிற்பவர் யார் என்று பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். முந்தின அதிகாரத்திலேயே, "என் ஆண்டவன் வர நாள் செல்லும்" என்று சொல்லிக்கொண்டு உடன் வேலைக்காரரை அடிக்கத் தொடங்கிய ஊழியக்காரன் வருகிறான். தாமதத்தைச் சாக்காக வைத்து அக்கிரமம் செய்கிறவனுக்கு அங்கே கடுமையான தண்டனை இருக்கிறது. அதே இடத்தில் பாக்கியவான் என்று சொல்லப்படுகிறவன், வீட்டாருக்கு ஏற்ற வேளையில் உணவு கொடுத்துக்கொண்டிருக்கும்போது எஜமானால் காணப்படுகிறவன். அடுப்படி வேலை, அவ்வளவுதான்.

அப்போஸ்தலன் பவுல் நிருபம் எழுதிய தெசலோனிக்கே சபையிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கே ஆண்டவரின் நாள் வந்தேவிட்டது என்று கலங்கியவர்களும் இருந்தார்கள், வேலை செய்யாமல் திரிந்தவர்களும் இருந்தார்கள். கலங்காதீர்கள் என்று எழுதிய அதே நிருபத்தில், வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்றும் பவுல் முகத்தில் அடித்தாற்போல் எழுதினார்.

வருகையின் காலத்தை உங்கள் போதகர் எப்படிக் கணக்குப் போட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமாக 1948-இல் இஸ்ரேல் உருவானதிலிருந்து தொடங்குவார்கள். மத்தேயு 24-இல் வரும் அத்திமரம் இஸ்ரேல்தான், அது துளிர்த்துவிட்டது, அதைக் கண்ட சந்ததி வருகைக்கு முன் ஒழிந்துபோகாது என்பார்கள். ஒரு சந்ததிக்கு 40 ஆண்டு என்று வைத்து 1988 என்றார்கள். 1988 வந்தது, போனது. உடனே மனித ஆயுளைப் பற்றிச் சொல்லும் 90-ஆம் சங்கீதத்தைத் திறந்து சந்ததியை 70, 80 ஆண்டுகளாக நீட்டிக்கொண்டார்கள். நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று அதே மத்தேயு 24 சொல்லும்போது, இந்தக் கணக்கைப் பிரசங்க மேடையில் போட இவர்களுக்கு எங்கிருந்து துணிவு வருகிறதோ!

நிலம் விற்பது பற்றி. தென் கொரியாவில் தாமி மிஷன் என்ற சபையின் தலைவர் லீ ஜாங் ரிம், 1992 அக்டோபர் 28 அன்று விசுவாசிகள் உயிரோடு வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று அறிவித்தார். பலர் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். அந்த நாள் வருமுன்பே அவர் மோசடிக் குற்றச்சாட்டில் கைதானார். காணிக்கைப் பணத்தில் அவர் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் 1993-இல் முதிர்வடைய வேண்டியவை! உங்கள் போதகர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. மனதார நம்பிப் பேசுகிறவராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பத்திரங்களை நினைத்துக்கொண்டு அவரிடம் மரியாதையாக ஒன்று கேளுங்கள்: பரீட்சை வரைக்கும்கூடக் காலம் இல்லை என்றால், ஆலயம் யாருக்காக எழும்புகிறது?

அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. அம்மா தம் பங்கைக் கொடுப்பது அவர் விருப்பம். உங்கள் பங்குக்கு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம்.

தம்பியிடம் மத்தேயு 25-ஐக் கடைசிவரை வாசிக்கச் சொல்லுங்கள். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்பது அவன் பாதியில் விட்ட படிப்புக்கே எழுதியதுபோல இருக்கிறது. அவன் மனம் மாறும்வரை காத்திருக்காமல், மீண்டும் சேர்வதற்குக் கடைசித் தேதி எது என்று இந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.