டம்ளரில் பழுப்பானது எது?

கேள்வி: தென்பெண்ணை ஆற்றில் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே எங்கள் தோட்டம். ஆற்றில் நுரை பொங்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. ஒருவர் வந்து, எங்கள் போர் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்தார். தண்ணீர் பழுப்பாகிவிட்டது. "அழியாத ரசாயனம் இருக்கிறது, எண்பதாயிரம் ரூபாய்க்கு மெஷின் போடுங்கள்" என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்தப் பழுப்பு அவருடைய இரும்புக் கம்பியின் துரு. தண்ணீரில் உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரையும், நிறம் மாறும். இப்படி விற்பவர்கள் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் தெளிவாக நிற்கும். மறுபடி வந்தால், அவருடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். இந்த வித்தையைக் காட்டி ஏழைபாழைகளிடம் காசு பிடுங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

உங்கள் பயம் வீண் என்று சொல்லமாட்டேன். அவர் சொன்ன ரசாயனம் உண்மையில் உண்டு. பிஃபாஸ் என்பார்கள். ஒட்டாத தவா, மழைக்கோட்டு, தீயணைப்பு நுரை, குரோம் முலாம் என்று பலவற்றில் பயன்படுகிறது, எளிதில் சிதையாது. பெங்களூரு கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணையை ஒட்டி இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நுரை பெரும்பாலும் சோப்பு, டிடர்ஜென்ட்டால் வருவது. அதை வைத்து பிஃபாஸ் உண்டு, இல்லை என்று முடிவு கட்ட முடியாது. நம் பக்கத்துப் பாறையிலிருந்து வரும் ஃபுளோரைடும் வேறு சமாச்சாரம். ஃபுளோரைடு டெஸ்டில் பிஃபாஸ் தெரியாது.

டி.டி.எஸ். மீட்டரிலும் தெரியாது. மீட்டர் காட்டுவது மில்லிகிராம் கணக்கில் உப்பு. இதுவோ நானோகிராம் கணக்கு, அதாவது மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பிஃபாஸில் முக்கியமான இரண்டுக்கு அமெரிக்கா 2024-இல் லிட்டருக்கு தலா 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. நம் குடிநீர் தரநிலை ஐ.எஸ். 10500-ஐ 2012-இல் திருத்தி வெளியிட்டபோது இதற்கு வரம்பே இல்லை. வரம்பு இல்லாததை எந்த அதிகாரி சோதிப்பார்? ஆறு எல்லை தாண்டி வருகிறது, பொறுப்பு மட்டும் தாண்டி வருவதில்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது? கொதிக்க வைப்பதால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். கார்பன் ஃபில்டர் பிடிக்கும், ஆனால் நிரம்பிய பிறகு விட்டுவிடும். சாதாரண வீட்டு ஆர்.ஓ. பெரும்பகுதியைத் தடுக்கும், எண்பதாயிரம் தேவையில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். பல ஆர்.ஓ.க்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன திருகு இருக்கும். ருசிக்காக, மெம்பிரேன் என்ற வடிகட்டும் சவ்வு வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவது அதன் வேலை. அந்தக் கலப்பில் பிஃபாஸும் சேர்ந்து டம்ளருக்கு வரும். சர்வீஸுக்கு வரும் பையன் "ருசியா இருக்கும்மா" என்று திறந்துவிட்டுப் போவான். முழுக்க மூடச் சொல்லுங்கள், மூடியதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் சப்பென்று இருந்தால் இருக்கட்டும்.

அப்புறம், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் தடுத்ததெல்லாம் சேர்ந்திருக்கும். அதைக் கிணற்றடியிலும் மழைநீர்க் குழியிலும் விடாதீர்கள்.